சம்பந்தியின் சன்னப் பேரல்

வாங்க, உக்காருங்க. செயலாளர் பேங்க் வரைக்கும் போயிருக்காரு, வர்றதுக்கு நேரமாகும். மெம்பராச் சேர வந்திருக்கீங்களா? நல்லதுங்க. இந்தப் பக்கம் வாங்க, ஃபேன் காத்து இங்கதான் வரும். நான் தெய்வசிகாமணி. பீளமேட்டுல கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்கேன். இந்த ரைபிள் கிளப்புல பழைய ஆளு.

துப்பாக்கி வாங்கற யோசனை இருக்குதுங்களா? அப்ப நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், மத்ததைச் செயலாளர் சொல்லுவாரு. குண்டு ஓடற பேரல் கனமாப் பாத்து வாங்குங்க. வேற எதையும் பாக்க வேண்டாம்.

ஏன்னு கேளுங்க. கேட்டாத்தானே சொல்ல முடியும். விசையை அமுத்தினதும் பேரல் ஒரு நடுக்கம் நடுங்குமுங்க. கண்ணுக்குத் தெரியாது. இரும்புக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினா அதிருமில்லீங்களா, அந்த மாதிரி. குண்டு வெளிய போற அந்த நொடியில நுனி எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்குதோ, குண்டு அந்தப் பக்கம்தான் போகும். சன்னமான பேரல் ஜாஸ்தி ஆடும், தடியான பேரல் கம்மியா ஆடும். முள்ளங்கி மாதிரி நுனிக்குப் போகப் போக மெலிஞ்சு போறது ஒரு தினுசு. அடியிலிருந்து நுனி வரைக்கும் கரும்பு மாதிரி ஒரே பருமனா நிக்கறது இன்னொரு தினுசு. என்னுது கரும்புங்க.

அப்புறம் சூடு. சன்னமானது சீக்கிரம் சூடேறும். சூடேறினா குறி நகரும். முதல் குண்டு இங்க, அடுத்தது அங்க, அதுக்கடுத்தது எங்கியோ. கிரைண்டர்லயும் இதே கதைதான். கல்லு கனமா இருந்தா மாவு ஒரே பக்குவமா வரும். கல்லு லேசா இருந்தா மூடி ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். உலகத்துல எல்லாத்துக்கும் கனம்தானுங்க ஆதாரம்.

நின்னு சுடும்போது மட்டும் என்ற கை கொஞ்சம் ஆடும். அதைப் பாத்துட்டு இங்க சில பேரு, துப்பாக்கி கனம் தாங்காம ஆடுதும்பாங்க. அது சர்க்கரையினால வர்றது. டாக்டரே சொல்லியிருக்காரு. நடுக்கம் வரலாம்னு சொன்னாரு, எதனாலன்னு சொல்லல, ஆனா இதனாலதான்.

இந்தப் பேரல் விசயத்துல என்ற மக கல்யாணமே நிக்கப் போச்சுங்க. நம்ப மாட்டீங்க. செயலாளர் வந்தா அவரையே கேளுங்க, அவருதான் அன்னைக்கு நடுவர்.

என்ற மக சிந்துஜா. ஒரே பொண்ணு. சாப்ட்வேர் கம்பெனியில வேலை. அங்க கூட வேலை பாக்கற பையன் நவநீதன். ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்குன்னு ஒரு நாள் என்ற சம்சாரம் மரகதம் வந்து சொன்னா. விசாரிச்சேன். நம்ம ஆளுகதான், பொள்ளாச்சிப் பக்கம். பையனோட அப்பா திருமலைசாமி, காலேஜ்ல பௌதிகம் நடத்தி ரிட்டையர் ஆனவரு. குடும்பம் சுத்தம். சரி, வந்து பேசட்டும்னேன்.

வந்தாரு. ஒல்லியான மனுசன். சட்டை ஹேங்கர்ல தொங்கற மாதிரி உடம்புல தொங்கும். காப்பிக்குச் சக்கரை வேண்டாம்னாரு, பேச்சும் சக்கரை இல்லாமத்தான். கேட்டதுக்குப் பதில் சொல்லுவாரு, சொல்லிட்டு நிறுத்திக்குவாரு. என்னடா இது, இவருகிட்ட காலம்பூரா என்னத்தப் பேசறதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்ப அவரு சுவத்துல இருந்த என்ற போட்டோவைப் பாத்தாரு. மாவட்டப் போட்டியில துப்பாக்கியோட நான் நிக்கற படம்.

"சுடுவீங்களா?"ன்னு கேட்டாரு.

"வாராவாரமுங்க. நீங்க?"

"காலேஜ்ல என்.சி.சி. ஆபீசரா இருந்தேன். பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே. சம்பந்தி துப்பாக்கி சுடறவரா அமையறது யாருக்கு வாய்க்கும்? ஞாயித்துக்கிழமை கிளப்புக்கு வாங்கன்னு அங்கியே கூப்பிட்டுட்டேன். அப்படியே பையன் ஜாதகத்தையும் கொண்டு வாங்க, நம்ம ஜோசியருகிட்டக் குடுத்துடலாம்னேன். மரகதம் சமையக்கட்டு வாசல்ல நின்னுட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. என்னத்துக்குப் பாத்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க.

ஞாயித்துக்கிழமை வந்தாரு, பையனையும் கூட்டிட்டு. சிந்துஜாவும் வந்திருந்தா. செயலாளருகிட்டச் சொல்லி விருந்தாளின்னு கையெழுத்து வாங்கி உள்ள கூட்டிட்டுப் போனேன். என்ற துப்பாக்கிப் பொட்டியைத் திறந்து காட்டினேன். அவரு எடுத்து ஒரு தடவை தோள்ல வெச்சுப் பாத்தாரு. மெதுவாக் கீழ வெச்சாரு.

"நல்ல சாமானுங்க. பேரல் கொஞ்சம் கனம் ஜாஸ்தி"ன்னாரு.

"ஜாஸ்தி இல்லீங்க, அதுதான் அளவு"ன்னேன். சிரிச்சுட்டேதான் சொன்னேன்.

அவருக்குக் கிளப்புத் துப்பாக்கி ஒண்ணு குடுத்தோம். பழசு. சன்னப் பேரல், முள்ளங்கி. எனக்கே பாவமா இருந்துச்சு. என்னுதை எடுத்துக்குங்கன்னேன், வேண்டாம்னுட்டாரு. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல படுத்துச் சுட்டோம். பேப்பரைக் கொண்டு வந்தாங்க. அவரு சுட்டதெல்லாம் நடுவுல ஒரு ரூபாக் காசுக்குள்ள அடங்கியிருந்துச்சு. என்னுது கொஞ்சம் விரிவா இருந்துச்சு. சிந்துஜா எட்டிப் பாத்துட்டு, "அப்பா, உங்களுது ஊத்தப்பம் அளவு"ன்னா. விளையாட்டுக்குத்தான். அன்னைக்குக் காத்துங்க. என்ற பக்கம் மட்டும் அடிச்சுது.

இதோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல. அந்த மனுசன் வாத்தியாரில்லீங்களா, விட மாட்டேங்கறாரு. "சிகாமணி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே. பேரல் கனமா இருக்கறதுனால மட்டும் குறி வந்துராது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிரணும். அதுதான் கணக்கு. சன்னமானதும் ஒரே மாதிரி அதிர்ந்தா ஒரே இடத்துலதான் அடிக்கும்"னாரு.

"சூடு?"ன்னேன்.

"இந்தச் சின்னத் தோட்டாவுக்கு, நிதானமா ஒவ்வொண்ணாச் சுடறதுக்கு, என்னங்க பெரிய சூடு? மிலிட்டரித் துப்பாக்கியில சடசடன்னு சுட்டா நீங்க சொல்றது சரி. இதுல கனத்துனால இருக்கற நல்லது என்னன்னா, கையில ஆடாம நிக்கும். அதுவும் தூக்க முடியற வரைக்கும்."

தூக்க முடியற வரைக்கும்னாரு. சின்னப் பசங்க முன்னாடி.

அதுக்கப்புறம் பண்ணினதுதான் பெரிசு. சட்டைப் பையில கையை விட்டுப் பையன் ஜாதகத்தை எடுத்தாரு. மடிச்ச காயிதம். அதைக் கிளப்புத் துப்பாக்கியில, பேரலுக்கும் கீழ இருக்கற மரத்துக்கும் நடுவுல விட்டு இழுத்தாரு. நுனியிலிருந்து உள்ள வரைக்கும் வழுக்கிட்டுப் போச்சு. "பேரல் மரத்துல படக்கூடாதுங்க. தனியா நிக்கணும். அப்பத்தான் ஒரே மாதிரி அதிரும்"னாரு. அப்புறம் அதே ஜாதகத்தை என்ற துப்பாக்கியில விட்டாரு. பாதியில சிக்கிக்கிச்சு. இழுத்தாரு, வரல. நான் இழுத்தேன், கிழிஞ்சு போச்சு.

அந்த இடத்துல நான்தானுங்க ரப்பர் வெச்சு இறுக்கியிருந்தேன், ஆடாம இருக்கட்டும்னு. கிரைண்டர் மோட்டாருக்கு வெக்கற ரப்பர். நல்ல ரப்பர்.

எனக்குக் கோவம் வந்துருச்சு. "நீங்க விளக்கமாத்துச் சீவக்குச்சி வெச்சுட்டுச் சுடறவரு, உங்களுக்குப் பேரலைப் பத்தி என்ன தெரியும்"னுட்டேன். வாய் தவறி வந்த வார்த்தை. அவரு நிதானமா, "நீங்க ஆட்டுக்கல்லை வெச்சுட்டுச் சுடறீங்க, நான் ஒண்ணும் சொல்லலியே"ன்னாரு.

கவனிச்சீங்களா? என்ற தொழிலை இழுத்துட்டாரு. நான் அவரு தொழிலை இழுத்தனா? சீவக்குச்சிக்கும் பௌதிகத்துக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டுக்கு வந்ததும் சொல்லிட்டேன், இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு. ஜாதகம் கிழிஞ்சதே சகுனம் சரியில்லன்னேன். மரகதம், "கிழிச்சது நீங்க"ன்னா. சிந்துஜா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. சாப்பிடவும் வரல. ரெண்டு நாள் அப்படியேதான் போச்சு. ஆபீசுக்குப் போவா, வருவா, கதவைச் சாத்துவா. எனக்கென்னமோ அப்பாவை இன்னொருத்தரு பேசிட்டாரேங்கற வருத்தம்னு தோணுச்சு.

மூணாவது நாள் காலையில நானே கதவைத் தட்டினேன். "என்ன கண்ணு, சாப்பிடாம இருந்தா உடம்பு என்னத்துக்காகும்"னேன்.

அவ கட்டில்ல உக்காந்துட்டு இருந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. "அப்பா, வரதட்சணைக்காகக் கல்யாணம் நின்னு பாத்திருக்கேன். ஜாதி பாத்து நின்னு பாத்திருக்கேன். ஒரு இரும்புக் குழாய் எவ்வளவு தடியா இருக்கணும்கறதுக்காக நின்னா, நான் வெளிய என்னப்பா சொல்லறது?"ன்னு கேட்டா.

"குழாயில்ல கண்ணு, பேரல்"னேன்.

அவ என்ற மூஞ்சியையே பாத்தா. "நான் அவனைத்தாம்ப்பா கட்டிக்குவேன். ஆனா நீங்க பக்கத்துல நின்னு நடத்தற கல்யாணமா வேணும்"னா. சின்ன வயசுல பொம்மை கேக்கற மாதிரிக் கேட்டாளுங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. இருந்தாலும் தப்பை ஒத்துக்காத ஒரு மனுசன் வீட்டுக்கு எப்படிங்க பொண்ணைக் குடுக்கறது? நாளைக்குப் பேரப்பிள்ளைக்கு அவரு என்னத்தைச் சொல்லிக் குடுப்பாரு?

அதனால ஒரு வழி சொன்னேன். போட்டி வெச்சுக்கலாம். அவரு அந்தச் சன்னப் பேரல், நான் என்ற பேரல். பத்துப் பத்துக் குண்டு. நான் செயிச்சா, கனமான பேரல்தான் நல்லதுன்னு அவரு வாயால சொல்லணும். சொல்லிட்டா அடுத்த முகூர்த்தத்துலயே கல்யாணம். "நீங்க தோத்துட்டா?"ன்னு மரகதம் கேட்டா. அந்தக் கேள்விக்கே இடமில்லன்னேன். சிந்துஜா தலையில கையை வெச்சுக்கிட்டா.

அன்னைக்கு மத்தியானம் மரகதம் பையனோட அம்மாவுக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் பேசிட்டிருந்தா. நான் உள்ள வந்ததும் பேச்சை நிறுத்திட்டா. என்ன பேசினேன்னு கேட்டேன். அவங்க வீட்டுல ரசத்துக்குப் புளி எவ்வளவு போடுவாங்கன்னு கேட்டேன்னா. பொம்பளைகளுக்கு எந்த நேரத்துல எதைப் பேசறதுன்னே தெரியாதுங்க.

புரபசரும் போட்டிக்குச் சரின்னுட்டாரு. அவரு சரின்னதே எனக்கு ஆச்சரியம். பையன் சொல்லித்தான் தெரியும், முதல்ல முடியவே முடியாதுன்னாராம், அவங்கம்மா என்னமோ சொன்னதுக்கப்புறம் ரொம்ப நேரம் தோட்டத்துல நடந்துட்டு வந்து சரின்னாராம். பயந்துட்டாரு, பாவம்.

போட்டியன்னைக்கு ரெண்டு குடும்பமும் வந்திருந்துச்சு. செயலாளர்தான் நடுவர். முதல்ல நான். மனசை ஒருமுகப்படுத்திப் படுத்தேன். நிதானமாச் சுட்டேன். பேப்பர் வந்துச்சு. ஆறு நடுவுல இருக்கற கறுப்பு வட்டத்துக்குள்ள, நாலு வெளிய வெள்ளையில. அதுல ஒண்ணு பேப்பர் ஓரத்தைத் தொட்டுட்டுப் போயிருந்துச்சு. மோசமில்லீங்க. என்ற அளவுக்கு அது நல்ல நாளு.

அப்புறம் அவரு படுத்தாரு. முதல் குண்டு. செயலாளர் பைனாகுலர்ல பாத்துட்டு, "நட்ட நடு"ன்னாரு. அவரு துப்பாக்கியை இறக்கி வெச்சுட்டுத் திரும்பிப் பாத்தாரு. பெஞ்சுல சிந்துஜா உக்காந்திருந்தா. துப்பட்டா நுனியை வாயில வெச்சுட்டு, டார்கெட்டைப் பாக்காம தரையைப் பாத்துட்டு இருந்தா. நவநீதன் அவ பக்கத்துல விறைச்சுப் போய் நின்னான். அவரு ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டாரு. மறுபடியும் படுத்தாரு.

அடுத்த குண்டு. செயலாளர் பைனாகுலரை எடுத்தாரு, பாத்தாரு, மறுபடியும் பாத்தாரு. அதுக்கடுத்தது. அதுக்கடுத்தது. பத்தும் முடிஞ்சு பேப்பர் வந்துச்சுங்க. முதல் குண்டு நடுவுல. மிச்சம் ஒம்பதும் கீழ, இடது மூலையில, கறுப்பைத் தாண்டி, வெள்ளையில. ஒம்பதும் ஒரே ஓட்டை. ஒரு விரல் நுழையற அளவு ஓட்டை, அவ்வளவுதான்.

நான் சொன்னது அப்படியே நடந்துச்சா இல்லீங்களா? முதல் குண்டு சூடில்லாத பேரல், நேராப் போச்சு. அப்புறம் சூடேறிச்சு, குறி நகந்துருச்சு. பாடப் புத்தகத்துல போடலாம்.

இந்தச் செயலாளர் இருக்காரே, அவரு பேப்பரைப் பிடிச்சுட்டு, "ஏனுங்க சிகாமணி, சூட்டுல அலையற பேரல் ஒரே ஓட்டையிலயா ஒம்பது தடவை அடிக்கும்?"னு கேட்டாரு. அவருக்கு அனுபவம் பத்தாதுங்க. நகந்து போய் அங்க நின்னுருச்சு. போன இடத்துல நிக்கக் கூடாதா?

புரபசர் எந்திரிச்சாரு. முட்டியில இருந்த மண்ணைத் தட்டினாரு. நான் காத்துட்டு இருந்தேன். சொல்லணுமே. தண்ணி வாங்கிக் குடிச்சாரு. "சிகாமணி"ன்னாரு. "பேரல் சூடாயிருச்சுங்க"ன்னாரு. இன்னொரு வாய் தண்ணி குடிச்சாரு. "கனமான பேரல்தான் நல்லது." அதைச் சொல்லும்போது மனுசன் மூஞ்சியைப் பாக்கணுமே. விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி. முப்பது வருசம் பௌதிகம் நடத்தினவரு, ஒரு கிரைண்டர்காரன்கிட்டத் தோத்தா வலிக்காதுங்களா?

நான் ஒண்ணும் குத்திக் காட்டல. கையைப் பிடிச்சுக் குலுக்கினேன். "சம்பந்தி"ன்னு கூப்பிட்டேன். அதுதான் முதல் தடவை. அப்ப சிந்துஜா ஓடி வந்தா. செயிச்சவன் நான், எங்கிட்ட வருவான்னு கையை நீட்டிட்டு நின்னேன். அவ நேரா அவருகிட்டப் போய்க் கால்ல விழுந்து கும்பிட்டா. அழுதுட்டே கும்பிட்டா. அவரு அவ தலையில கை வெச்சுட்டு, "அழுவாதம்மா, அப்பா பாக்கறாரு"ன்னாரு. என்ற பொண்ணு குணம் அப்படிங்க. தோத்தவங்களுக்குத்தான் முதல்ல ஆறுதல் சொல்லுவா. நான் வளத்தது.

கல்யாணம் நல்லா நடந்துச்சுங்க. பக்கத்துலயே நின்னு நடத்தினேன். தாரை வாத்துக் குடுக்கும்போது சிந்துஜா கையைப் பிடிச்சிருந்தேன், அப்பக் கை கொஞ்சம் ஆடுச்சு. சர்க்கரைதான்.

அப்புறம் ஒரு நாள் யாருமில்லாத நேரமாப் பாத்து அந்தச் சன்னப் பேரலை எடுத்து நானே பத்துக் குண்டு சுட்டேன். சோதனைக்குத்தான். சுட்டு முடிச்சுட்டுப் பேரலைத் தொட்டுப் பாத்தேன். கதகதன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். குழந்தைக்குப் பாலாத்தற சூடு. கொஞ்ச நேரம் கையை அதுமேலயே வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் தோணுச்சு, போட்டியன்னைக்கு வெயில் ஜாஸ்தி. அதான். இதைப் போய் யாருகிட்டயும் சொல்லிட்டிருக்கல.

ஆனா பாருங்க, என்ற துப்பாக்கியில வெச்சிருந்த ரப்பரை மட்டும் எடுத்துட்டேன். சும்மாத்தான். பழசாயிருச்சு. இப்பக் குண்டு கொஞ்சம் நல்லாவே விழுகுது. கனத்துனாலதான்.

அதோ கேட் பக்கத்துல வர்றாரு பாருங்க, ஒல்லியா, குடை பிடிச்சுட்டு. அவருதான் சம்பந்தி. வாராவாரம் நான்தான் கூப்பிட்டு வெச்சுப் பக்கத்துல படுத்துச் சுடறேன். அவரு முன்னாடி பேரல் பேச்சு மட்டும் எடுத்துராதீங்க, மனசு சங்கடப்படுவாரு. நல்ல மனுசன். சொன்னதைக் கேட்டுக்குவாரு. இப்பப் பாருங்க, கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரத்துலயிருந்து எல்லாக் குண்டும் நடுவுலதான் விழுகுது, அதே சன்னப் பேரல்ல. எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதானுங்க.